பயனர் 0417

அறுபத்தோரு நாள். ஒரு நாளும் தவறவில்லை.
பவாய் அலுவலகத்துச் சுவர்த்திரையில்
பச்சைக் கட்டங்கள் வரிசைகட்டி நின்றன.
மேலாளர் கைதட்டினார்:
எங்கள் விளையாட்டின் முதல் வெற்றி, 0417.

விளையாட்டு எளிதுதான்.
காலையில் வெறும் வயிற்றில் காசநோய் மாத்திரை,
விழுங்கியதும் திரையில் ஒரு தட்டு.
தட்டினால் குஞ்சுக்கு இறகு முளைக்கும்.
ஒருநாள் விட்டால் தலை தொங்கும்.
மூன்று நாள் விட்டால் செத்துப்போகும்.
அந்தச் சாவை வரைந்தவள் நான்.
கண் மூடுவதற்கு மட்டும் பன்னிரண்டு படம் போட்டேன்.
கொஞ்சம் வலிக்க வேண்டும் என்று
குறிப்பில் இருந்தது.

எனக்கு உறுத்தியது நேரம்.
0417 தட்டுவது காலையில் அல்ல.
மாலை நாலு ஐம்பது. நாலு ஐம்பத்திரண்டு.
ஞாயிறென்றால் பதினொன்று.

யாரிடமும் சொல்லாமல் ஹார்பர் லைன் பிடித்தேன்.
மான்குர்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில்
நாலாவது ஆளாய்த் தொற்றி, சீத்தா கேம்ப்.
மழை. நீலத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒருவர்
பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் வழி சொன்னார்.

காஜா மைதீன், பாவுச்சா தக்காவில் மீன்கூடை சுமப்பவர்.
பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கித் திறந்தார்.
கிழிக்காத அட்டைகள்.

"மூணு மணிக்கு ஐஸ் லாரி வந்துரும்மா.
இத முழுங்கினா அஞ்சுக்குள்ள வாந்தி.
கூடை மேல எடுத்துட்டா
அந்தக் கூடைக் காசு என் கணக்கு.
அப்புறம், ஒண்ணுக்கு செவப்பாப் போவுது.
பொதுக் கக்கூஸ்ல பக்கத்துல நிக்கிறவன் பாத்தான்னா..."
முடிக்கவில்லை. இருமினார்.

அப்படியென்றால் தட்டியது?

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ரிஃபானா வந்தாள்,
நாலாம் வகுப்பு, ஒரு சடையில் மட்டும் ரிப்பன்.
"நான்தான்.
வாப்பா மாத்திர சாப்பிடலன்னா
பட்டாணி செத்துரும்ல.
பட்டாணி என்ன தப்பு பண்ணுச்சு?"

பட்டாணி அவள் வைத்த பெயர்.
எங்கள் கோப்பில் அது பறவை-ஆ-3.

அவர் போனை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.
அறுபத்தோரு பொய்யில் தின்று வளர்ந்த குஞ்சு,
கழுத்தில் மடிப்பு விழக் கொழுத்திருந்தது.
"நல்லாத்தான் வளத்திருக்க" என்றார்.
பனியனுக்குள் அவர் விலாவை
எண்ணிவிடலாம்.

மருந்து நிலையத்து சுரேகா தாயிக்கு போன் போட்டேன்.
வாந்திக்குத் தனி மாத்திரை இருக்கிறதே,
டாக்டரிடம் கேட்டு நேரத்தையும் மாற்றலாமே,
இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றாள்.
எங்கே சொல்வார்?
எங்கள் திரையில் பொத்தான் ஒன்றுதான்:
'விழுங்கிவிட்டேன்'.

அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் கூட்டம்.
"சாகாத பறவையைப் பார்க்க எவன் திரும்பி வருவான்?"
பறவை இப்போதைக்குச் சாகும் என்று முடிவானது.
டீ வந்தது. வடாபாவ் வந்தது.
அன்றிரவு 0417க்கு மட்டும்
பன்னிரண்டு படத்தையும் அழித்தேன்.
இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் தட்டு இல்லை.
அதற்கு மறுநாளும், அதற்கு மறுநாளும்.
பட்டாணி சாகாமல்
தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது,
அதற்குமேல் என்ன செய்வதென்று
நான் அதற்குச் சொல்லித்தரவில்லை.
சுவரில் கட்டம் சிவந்தது.
"நம்ம ஆளுக்கு என்னாச்சு?" என்றார் மேலாளர்.

ஆறாம் நாள் இரவு ஒன்பது பன்னிரண்டுக்கு ஒரு தட்டு.
மறுநாள் ஒன்பது இருபது.
எந்த விரல் என்று திரை சொல்லாது.
பெரிய விரலா, மை ஒட்டிய சின்ன விரலா,
டப்பா இன்னும் பரணில்தானா,
எதுவும் சொல்லாது.

நேற்று மட்டும் இரண்டு தட்டு.
ஒன்பது பதினாலு.
ஒன்பது பதினைந்து.